இரட்சகரும் மீட்பரும்: இரட்சணிய யாத்திரிகத்தை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

கிறித்துவ நம்பிக்கை ஒரு மீட்பரை மையமாகக் கொண்டது. அவர் எத்தகையவர் என்பதற்கு இறையியலார் விடை கூறுவர். அவ்விடை தமிழ்ச் சொல்லாகவும் தமிழ்க் காப்பியமாகவும் உருப்பெற்றபோது எத்தகைய பொருள் கொண்டது என்பதைக் காண்பது திறனாய்வாளர் கடமையாகும். எச்.ஏ. கிருட்டிணப் பிள்ளை (1827–1900) இயற்றி 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தை முன்வைத்து இதனை நோக்குவோம்.

மலாக்காவுக்கு இவ்வினா புதியதன்று. 1545இல் இங்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், அதற்கு முன்னர் முத்துக்குளித்துறைத் தமிழரிடையே பணியாற்றியவர். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிடப்பட்டபின் பெருகிய தோட்டங்களில் மாரியம்மனையும் முனியாண்டியையும் வணங்கியோரும் இயேசுவை வணங்கியோரும் ஒரே லயத்தில் வாழ்ந்தனர். எனவே, மீட்பரைப் பற்றிய பேச்சு இங்குப் பிற தெய்வங்களின் அண்மையிலேயே நிகழ்ந்தது.

சொற்பொருள்

'இரட்சகர்' என்பது காத்தற்பொருளுடைய வடமொழி வேரினின்று பிறந்த சொல். காப்பவர், காக்கப்படுவோரினும் வலியவர். இடருக்கு வெளியே நிற்பவர். 'மீட்பர்' என்பதோ இழந்ததைத் திரும்பப் பெறுபவரைக் குறிக்கும். பழைய தமிழ் வேதாகமத்தில் யோபுவின் கூற்றில் 'மீட்பர்' என்ற சொல் உண்டு; எனினும் பெத்லகேமில் பிறந்தவரை லூக்கா நற்செய்தி அறிவிக்குமிடத்தில் 'இரட்சகர்' என்றே அது வழங்கிற்று. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் அவ்விடத்தில் 'மீட்பர்' என்றது. இதனை வடசொல் நீக்கிய மாற்றமாக மட்டும் கொள்வது பொருந்தாது. சொல்லோடு உருவமும் மாறியது என்பதே எம் கருத்து.

யோபு நூலின் எபிரேய மூலச்சொல் 'கோஏல்' என்பதாகும். வறுமையால் நிலத்தை விற்றவனுக்காகவும் தன்னையே விற்றுக்கொண்டவனுக்காகவும் விலைகொடுத்து மீட்கும் உறவினன் என்பது அதன் பொருள். லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம் இவ்வுறவுக் கடமையை விரித்துரைக்கின்றது.

காப்பியம் காட்டும் உருவம்

ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயண உருவகக் கதையே இரட்சணிய யாத்திரிகத்தின் முதனூல். பன்யனின் பயணி சிலுவையடியை அடைந்ததும் அவன் முதுகுச் சுமை கழன்று உருள்கின்றது. நிகழ்வு சில வரிகளில் முடிகின்றது. கிருட்டிணப் பிள்ளை இதில் நிறைவடையவில்லை. குமார பருவத்தின் இரட்சணிய சரிதப் படலத்தில் இயேசுவின் பாடுகளை அவர் விரிவாகப் பாடினார். முதனூலினும் மிகுந்து செல்லும் இவ்விடமே அவருடைய மீட்பர் நோக்கைக் காட்டுமிடம் எனலாம்.

அங்கு இயேசு கயிற்றால் கட்டப்பட்டு நிற்கின்றார். இகழ்ந்தோரைச் சினவாது அமைகின்றார். அவரைக் கட்டியது கயிறன்று, அம்மாந்தர்மேல் அவர் கொண்ட அன்பே என்பது கவிஞர் தரும் விளக்கம். கண்டோரோ பூமி பிளக்கவில்லையே, வானம் இடிந்து விழவில்லையே, கடல் வற்றவில்லையே எனப் புலம்புகின்றனர். இப்புலம்பல் அவலச்சுவைக்கு மட்டும் அமைந்ததன்று. இறைவன் தீயோரை அழித்து நல்லோரைக் காப்பான் என்பது காப்பியச் சுவைஞரின் எதிர்பார்ப்பு. கவிஞர் அதனைக் கண்டோர் வாயில் வைத்து, நிறைவேறாமலே விட்டுவிடுகின்றார்.

வைணவராகப் பிறந்து, 'கிறித்துவக் கம்பர்' எனப் போற்றப்படும் இக்கவிஞர் இதனை அறிந்தே செய்தார் எனக் கருத இடமுண்டு. கம்பனின் இராமன் அரசை இழந்தபோது முகம் வாடாதவன். ஆயினும் பின்னர் வில்லேந்தியே பகை முடிக்கின்றான். இவருடைய இயேசு இறுதிவரை படைக்கலம் ஏந்துவதில்லை. அதே வேளையில், நூற்பெயரிலேயே நிற்கும் 'இரட்சணியம்' என்ற சொல்லும் அரசனைப் பாடிப் பழகிய காப்பிய நடையும் மீட்பரை மீண்டும் அரியணைக்கே ஈர்க்கின்றன. இவ்விழுபறி நூலின் குறையெனினும், அதன் உயிரும் அதுவே.

தோட்டப்புற வாசிப்பு

சஞ்சிக்கூலி முறை 1910இல் ஒழிக்கப்படும்வரை கப்பற்செலவே தொழிலாளியின் முதற்கடனாயிற்று. கடன் தீராமல் தோட்டத்தை விட்டு அகல இயலாது. அடகுக் கடையிலிருந்து தாலிச் சங்கிலியை 'மீட்டு' வருதல் இன்றும் வழங்கும் வழக்கு. இவ்வனுபவமுடையோர்க்கு 'மீட்பர்' என்பது நூலறிவால் மட்டும் விளங்கும் சொல்லன்று. தோட்டத்து எல்லையில் நின்று காக்கும் முனியாண்டியின் இடம் வேறு. கட்டுண்டோர் நடுவே தாமும் கட்டுண்டு நிற்பவரின் இடம் வேறு. இருவரையும் ஒன்றெனக் கற்பிப்பது சமய நல்லிணக்கம் போலத் தோன்றினும், இரு வழிபாட்டுக்கும் நீதி செய்வதாகாது.

எனினும், கடன் உருவகத்தை எல்லை கடந்து நீட்டலாகாது. ஈடு யாருக்குச் செலுத்தப்பட்டது என்ற வினாவுக்கு மூன்றாம் நூற்றாண்டின் ஆரிகன் அலகைக்கு என்றார். 11ஆம் நூற்றாண்டின் அன்செல்ம் அதனை மறுத்து, இறைவனின் மாண்புக்குச் செய்த நிறைவு என்றார். கிருட்டிணப் பிள்ளையின் அன்புக் கட்டு இக்கணக்கை வற்புறுத்துவதில்லை.

முடிவுரை

மீட்பரின் இயல்பைத் தமிழில் உணர்த்த இரு சொற்களும் வேண்டும். 'இரட்சகர்' அவரது ஆற்றலையும் 'மீட்பர்' அவர் கொடுத்த விலையையும் கூறுகின்றன. ஆற்றலுடையவரே விலையாகவும் ஆனார் என்பதே இரட்சணிய சரிதப் படலத்தின் உட்பொருள். ஆசிரியர்கள் இப்படலத்தைச் சமயப் பிரசாரமென ஒதுக்காமலும், உவமையும் அணியும் எண்ணி முடிக்காமலும், அப்புலம்பல் ஏன் விடையின்றி நிற்கின்றது என்ற வினாவோடு மாணவர்முன் வைத்தல் வேண்டும். நம்பிக்கையை ஏற்பதும் மறுப்பதும் மாணவர் உரிமை. அதனைப் பிழையின்றி அறியச் செய்வது நம் பொறுப்பாகும்.