மழிப்பதும் குறைப்பதும்: ஹஜ்ஜில் முடி களைய நான்கு மத்ஹபுகளின் அளவுகள்

கார்த்திகை பிறந்துவிட்டால் தேனி–கம்பம்–குமுளி சாலை முழுக்கக் கறுப்பு வேட்டிதான். மாலை போட்டவர் மலைக்குப் போய்த் திரும்பும்வரை முடி வெட்ட மாட்டார், சவரம் செய்ய மாட்டார். பழனிக்குப் போகிறவரோ மொட்டை போட்ட பிறகுதான் மலை ஏறுவார். முடியைக் காப்பதும் முடியைக் கொடுப்பதும் விரதத்தோடு சேர்ந்தவை என்பது போடி வட்டாரத்துக் குழந்தைக்கும் தெரியும். ஹஜ்ஜில் இவ்விரண்டும் ஒரே பயணத்துக்குள் வருகின்றன.

ஹஜ்ஜுக்கான புனித நிலையான இஹ்ராம் கட்டிய நொடியிலிருந்து ஒரு முடியைக்கூட வெட்டவோ பிடுங்கவோ கூடாது. அந்த முடியைக் களைந்தால்தான் இஹ்ராமிலிருந்து விடுதலை. முழுவதும் மழிப்பது ஹல்க். கத்தரித்துக் குறைப்பது தக்ஸீர். குர்ஆனின் 48ஆம் அத்தியாயம், 27ஆம் வசனம் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. ஆனாலும் நபிகள் நாயகம் (ஸல்) மழித்தவர்களுக்காகத் திரும்பத் திரும்ப துஆ செய்தார்கள். தோழர்கள் வற்புறுத்திக் கேட்ட பிறகே குறைத்தவர்களையும் அதில் சேர்த்தார்கள். ஆண்களுக்கு மழிப்பதே சிறப்பு என்று எல்லா மத்ஹபினரும், அதாவது இஸ்லாமியச் சட்டப் பிரிவினரும், சொல்வது இதை வைத்துத்தான். பெண்களுக்கு மழிப்பு கிடையாது, குறைப்பு மட்டுமே.

எவ்வளவு களைந்தால் போதும்? இங்கேதான் மத்ஹபுகள் பிரிகின்றன.

ஷாஃபி மத்ஹபில் முடி களைவது ஹஜ்ஜின் ருக்ன், அதாவது தூண். விட்டுவிட்டால் ஆடு அறுத்து ஈடுகட்ட முடியாது. ஆனால் குறைந்தபட்ச அளவு மூன்றே முடி. ஹனஃபி மத்ஹபில் அது வாஜிப், அதாவது கட்டாயக் கடமை. தலையின் கால் பங்கு முடியிலாவது ஒரு விரற்கணு நீளம் போக வேண்டும். மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளில் தலை முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். வழுக்கைத் தலையராக இருந்தால் வெறும் கத்தியைத் தலைமேல் ஓட்ட வேண்டும் என்பது ஹனஃபி சட்டம். ஷாஃபியில் அது விரும்பத்தக்கது.

இது கிதாபுக்குள் மட்டும் இருக்கும் பேதம் அல்ல. போடி, உத்தமபாளையம், கம்பம் ராவுத்தர்களில் பெரும்பாலோர் ஹனஃபிகள். காயல்பட்டினம், கீழக்கரைக்காரர்கள் ஷாஃபிகள். முடி களைவது உம்ராவுக்கும் உண்டு. அதில் ஸயீ என்ற ஓட்டம் முடிகிற மர்வா குன்றில் சிலர் சின்னக் கத்தரிக்கோலோடு நின்று, அங்கங்கே ஒரு சிறு கற்றையை நறுக்கிவிடுவதுண்டு. காயல்பட்டினத்து ஹாஜியாருக்கு அது நிறைவேறிவிடும். அதே கத்தரியில் நறுக்கிக்கொண்ட போடிக்காரர் ஹனஃபி சட்டப்படி இன்னும் இஹ்ராமில்தான் இருக்கிறார். அறைக்குப் போய்த் தைத்த சட்டையை மாட்டினாலும், அத்தர் பூசினாலும் பரிகாரம் சேரும்.

இடமும் காலமும் உண்டு. இமாம் அபூஹனீஃபாவின் தீர்ப்புப்படி, ஹாஜி மக்காவின் புனித எல்லையான ஹரமுக்குள்ளேயே, துல்ஹஜ் 10, 11, 12 ஆகிய நாட்களுக்குள் முடி களைய வேண்டும். தவறினால் ‘தம்’, அதாவது ஓர் ஆட்டைப் பலியிட வேண்டும். ஷாஃபியில் அதற்குக் கடைசி நாள் இல்லை.

இஹ்ராமின் இடையிலேயே மழிக்க நேர்ந்தால்? ஹுதைபியா பயணத்தில், 628ஆம் ஆண்டில், கஅப் பின் உஜ்ரா என்ற தோழரின் முகத்தில் பேன்கள் உதிர்வதை நபிகள் நாயகம் கண்டார்கள். தலையை மழித்துக்கொள்ளச் சொல்லி, மூன்று நாள் நோன்பு, ஆறு ஏழைகளுக்கு உணவு, அல்லது ஓர் ஆடு என மூன்றில் விரும்பிய ஒன்றைப் பரிகாரமாகச் செய்யச் சொன்னார்கள். நோயாளிக்கு இன்றைக்கும் அதே சலுகை இருக்கிறது.

இமாம் அபூஹனீஃபாவைப் பற்றியே ஒரு செய்தி சொல்லப்படுகிறது. முடி களைய உட்காரப்போகும்போது எவ்வளவு கூலி என்று கேட்டார். “வணக்கத்துக்கு யாரும் பேரம் பேச மாட்டார்கள், உட்காருங்கள்” என்றார் நாவிதர். கிப்லாவுக்குத் திரும்பி உட்காரச் சொன்னார். இமாம் இடப்பக்கத்தைக் காட்டியபோது நாவிதர் வலப்பக்கத்தைக் கேட்டார். சும்மா இருந்தவரைத் தக்பீர் சொல்லச் சொன்னார். இதையெல்லாம் எங்கே கற்றாய் என்று இமாம் கேட்க, மக்காவின் பேரறிஞர் அதா பின் அபீ ரபாஹ் செய்யக் கண்டதாக நாவிதர் பதில் சொன்னார். ஒரு மத்ஹபின் இமாமே நாவிதரிடம் பாடம் கேட்டுக்கொண்டார் என்றால், நாம் ஆலிமிடம் கேட்கத் தயங்குவதில் அர்த்தமே இல்லை.

ஆண்கள் தலை முழுவதையும் மழித்துவிட்டால் நான்கு மத்ஹபின்படியும் நிறைவேறிவிடும். கால் பங்கா, மூன்று முடியா என்ற குழப்பத்துக்கே இடமில்லை. பெண்கள் கூந்தலை ஒன்றாகத் திரட்டிப் பிடித்து, நுனியில் ஒரு விரற்கணுவுக்குச் சற்றுக் கூடுதலாக, தங்கும் அறையில் வைத்தே வெட்டிக்கொள்ளலாம். மற்றக் கிரியைகள் முடிந்து, முடி களைவது மட்டுமே பாக்கி என்ற நிலையில், ஒருவர் முடியை மற்றவர் வெட்டிவிடுவதற்கும் தடை இல்லை.

பிளேடு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். ஒருவருக்குப் போட்ட பிளேடை அடுத்தவருக்குப் போட்டால் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் ரத்தம் வழியே தொற்றக்கூடும். உரிமம் பெற்ற கடையில் உட்காருங்கள். கண்ணெதிரே புது பிளேடு பிரிக்கச் சொல்லுங்கள். ஊரிலிருந்து கிளம்பும்போதே பெண்கள் பையில் ஒரு சிறிய கத்தரிக்கோலை வைத்துவிடுங்கள். விமானத்தில் கைப்பையில் வேண்டாம், பெரிய பெட்டியில் போடுங்கள்.