ஓர் ஆக்சிஜன் வித்தியாசம்

கலவையைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவிக்குள் செலுத்தும் சிறுநீர் அரைச் சொட்டுகூடத் தேறாது, 20 மைக்ரோலிட்டர்தான். அதையும் நீர் கலந்து வடிகட்டித்தான் விடுவோம். குளிர்பெட்டியில் இருந்த மாதிரி என்றால் இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். குப்பியின் அடியில் செங்கல் தூள் நிறத்தில் ஒரு படிவு உட்கார்ந்திருக்கும். குளிரில் கரையாமல் இறங்கிவிட்ட யூரிக் அமில உப்பு அது. அவசரப்பட்டு மேலே தெளிந்ததை மட்டும் எடுத்தால் கணக்கே பிசகிவிடும். வெதுவெதுப்பான நீரில் குப்பியை நிறுத்தி, மெல்லக் குலுக்கி, அந்தச் சிவப்பு கரைவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்த வேலை.

பிரிப்பதெல்லாம் ஒரு சாண் நீள எஃகுக் குழல். உள்ளே 5 மைக்ரான் அளவுச் சிலிக்கா மணிகள். ஒவ்வொரு மணியின் மேலும் 18 கார்பன் நீளத்தில் எண்ணெய்த் தன்மையுள்ள மயிரிழைகள். சிறுநீரில் உள்ளவற்றில் நீரோடு ஒட்டும் கிரியாட்டினின் எதிலும் தங்காமல் முதலில் வெளியேறிவிடும். பென்சீன் வளையம் கொண்ட ஹிப்பூரிக் அமிலம் அந்த மயிரிழைகளில் சிக்கிச் சிக்கி, தாமதமாக வரும்.

ருஷ்யத் தாவரவியலாளர் மிகயீல் ஸ்வெட் 1906-இல் இந்த முறையை விவரித்தபோது, சுண்ணத்தூளுக்குள் இலைச்சாறு பச்சையும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாகப் பிரிந்தது. குரோமடோகிராபி என்ற பெயரே நிறத்தை வைத்து வந்தது. இங்கே யூரிக் அமிலத்தின் 'நிறம்' 292 நானோமீட்டரில், கிரியாட்டினினுடையது 235-க்குப் பக்கத்தில். இரண்டும் புற ஊதாவில் இருப்பதால் நம் கண்ணுக்கு எட்டாது. கருவியின் உணரிக்குத்தான் தெரியும்.

ஆனால் என்னை வியக்க வைப்பது பியூரின் குடும்பம்தான். ஹைப்போசாந்தின், சாந்தின், யூரிக் அமிலம் மூன்றுக்கும் ஒரே எலும்புக்கூடு. முதலாவதில் ஆக்சிஜன் ஒன்று, அடுத்ததில் இரண்டு, கடைசியில் மூன்று. சாந்தின் ஆக்சிடேஸ் என்ற நொதி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகிறது. அந்த ஒற்றை அணு வித்தியாசத்தைக் குழல் கண்டுகொண்டு மூவரையும் வரைபடத்தில் தனித்தனி முகடுகளாக நிறுத்துகிறது. அதில் என்ன ஒரு நுட்பம்!

வாதரத்தத்துக்கு அல்லோபூரினால் சாப்பிடுகிறவரின் வரைபடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். அந்த மாத்திரை நொதியின் கையைப் பிடித்துக்கொள்கிறது. யூரிக் அமில முகடு தாழ்ந்திருக்கும். மற்றவர் வரைபடத்தில் புல் நுனி அளவுக்கு எட்டிப்பார்க்கும் மற்ற இரண்டும் இங்கே தலை நிமிர்ந்து நிற்கும்.