பொத்தான் சொல்லும் வினாவிடை மரபும்

எழுதப்பெற்ற சொல் பொருளை உணர்த்துவதோடு அமைவது பொது இயல்பு. கணினித் திரையிலும் கைப்பேசித் திரையிலும் பொத்தான்மேல் நிற்கும் சொல்லோ, தொட்ட அளவில் செயலாக மாறிவிடுகின்றது. செய்யுளில் இருபொருள் அணியாகும். பொத்தானில் அஃது இழப்பாகும். இச்சிறு சொற்களும் சொல்லாராய்ச்சிக்கு உரியனவே. அவற்றின் குழப்பத்திற்கு வினாவும் விடையும் தம்முள் பொருந்தாமையே தலையாய காரணம் என்பதனை ஈண்டு யாம் காட்ட முயல்வோம்.

1983-இல் வெளிவந்த லிசா என்னும் கணினியை ஆப்பிள் நிறுவனத்தார் ஆக்கிவந்த காலத்தில், செயலை நிறைவேற்றும் பொத்தானுக்கு 'டூ இட்' என்று பெயரிட்டிருந்தனர். 'இதைச் செய்' என்பது அதன் பொருள். அதனைப் பயன்படுத்திப் பார்த்தவருள் ஒருவர், இரு சொற்களையும் ஒன்றாக இணைத்து, மூடன் எனப் பொருள்படும் 'டோல்ட்' என்று படித்து மனம் புண்பட்டார். ஆங்கிலத்தின் பெரிய 'ஐ' எழுத்தும் சிறிய 'எல்' எழுத்தும் வடிவால் ஒத்திருந்தமையே காரணம். பின்னர் அவ்விடத்தில் 'ஓகே' அமர்ந்தது. எழுத்து மயக்கம் நீங்கிற்று. பொருள் மயக்கம் புகுந்தது. 'செய்' என்பதில் வினை உண்டு. 'சரி' என்பதில் வினை இல்லை. அது தன் பொருளை முன்நிற்கும் வினாவிடமிருந்தே கடன் பெறுகின்றது.

வினா விளங்காதாயின் விடையும் விளங்காது. 2018 சனவரி 13 அன்று, ஏவுகணை வருகின்றது என்னும் பொய் எச்சரிக்கை அமெரிக்காவின் ஹவாய் மாநில மக்களின் கைப்பேசிகளுக்குச் சென்றது. திருத்தச் செய்தி வர 38 நிமிடங்கள் ஆயின. அனுப்பிய அலுவலர் உண்மைத் தாக்குதல் என்றே நம்பியதாகத் தெரிவித்தார். ஆதலின் பிழை முழுவதையும் மென்பொருள்மேல் ஏற்றுதல் முறையன்று. எனினும், ஒத்திகைக்கும் உண்மைக்கும் உறுதி கேட்ட வினா ஒன்றாகவே இருந்தது. தவற்றைத் தடுக்க வேண்டிய கடைசி வாயில் எதனையும் வேறுபடுத்திக் காட்டவில்லை.

பயணச்சீட்டை விலக்கிக்கொள்ள முனைவார்க்கு 'இரத்துசெய்யவா?' என்னும் வினாவும், அதன்கீழ்ச் 'சரி', 'இரத்துசெய்' என்னும் பொத்தான்களும் தோன்றுவதாகக் கொள்வோம். நன்னூலார் விடையை எட்டாக வகுத்து, சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றனையும் செவ்விய விடைகளாகக் கொண்டார். 'சரி' என்பது நேர்விடை. 'இரத்துசெய்' என்பது எவ்விடை? சீட்டை இரத்துசெய் எனின் நேர். இம்முயற்சியை இரத்துசெய் எனின் மறை. ஒரே சொல் உடன்பாடும் எதிர்மறையுமாய் நிற்கின்றது. பயணமும் பணமும் இம்மயக்கத்தால் இழக்கப்படலாம். 'சீட்டை இரத்துசெய்', 'சீட்டை வைத்துக்கொள்' எனச் செயப்படுபொருளும் வினையும் விளங்க நிறுத்தின் மயக்கம் தோன்றாது.

தமிழாக்கத்தில் மற்றொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலச் சொல் வடிவம் மாறாமலே ஏவலாகவும் பெயரடையாகவும் வரும். 'ஓபன்' என்பது 'திற' எனவும் படும். 'திறந்த' எனவும் படும். இடம் அறியாது சொற்பட்டியலை மட்டும் பெற்று மொழிபெயர்ப்பவர் எதனைக் கொள்வார்? தமிழோ இவ்வேறுபாட்டை வடிவிலேயே காட்டவல்லது. 'அனுப்பு' என்பது பயன்படுத்துவார் பொறியை ஏவுவது. 'எண்ணை உள்ளிடுக' என்பது பொறி அவரை வேண்டுவது. ஏவல் ஒருமையும் வியங்கோளும் தம்முட் கலவாது ஆளப்படின், யார் யாரிடம் பேசுகின்றார் என்பது ஐயமின்றி விளங்கும்.

சிறு திரையில் நெடுஞ்சொல் அடங்காது என்பர் சிலர். 'படத்தை நீக்கவா?' என்னும் வினாவிற்குச் 'சரி' எனின் இரண்டெழுத்து. 'நீக்கு' எனின் மூன்றெழுத்து. ஓரெழுத்து மிகுதியால் இடம் குறைந்துவிடாது, பொருளோ நிறைகின்றது. நூலழகு பத்தனுள் சுருங்கச் சொல்லலை அடுத்தே விளங்க வைத்தல் எண்ணப்பட்டது. விளங்காத சுருக்கம் அழகன்று. குன்றக் கூறல் என்னும் குற்றமேயாம். மென்பொருள் ஆக்குவாரும் இலக்கணம் பயின்றாரும் ஒருங்கிருந்து இச்சொற்களை ஆராய்தல் வேண்டும் என்பது எம் துணிபு.