நம்பிக்கை யார் கையில், யார் உடல்மீது?

‘சாமிப் படங்களோட நமக்கென்ன வேலை?’ என்று கேட்டார் தோழர் ஒருவர். திரையிடலுக்காக நான் கொடுத்த பட்டியலில் மூன்று படங்களுமே மதம் சார்ந்தவை. அவரைக் குறைசொல்ல முடியாது. ‘திருவிளையாடல்’ (1965) பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதில் நக்கீரர் இறைவனையே எதிர்த்து வாதாடுகிறார், கைதட்டுகிறோம். கடைசியில் எல்லாம் அவன் ஆடல்தான் என்றாகும்போது அந்த எதிர்ப்பும் ஆடலுக்குள் செரிக்கப்பட்டுவிடுகிறது. நான் சொல்லும் படங்கள் இப்படிச் செரிப்பதில்லை.

முதலாவது, கார்ல் டிரையர் பிரான்சில் எடுத்த மௌனப்படம், ‘ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்’ (1928). 1431இல் நடந்த விசாரணையின் பதிவேடுகளே அதன் ஆதாரம். போர்க்களம் கிடையாது; படம் நெடுக முகங்கள். ஃபால்கனெட்டியின் ஒப்பனையற்ற முகத்துக்கு எதிரே இறையியல் படித்த நீதிபதிகளின் முகங்கள். இரு தரப்புக்கும் கடவுள் ஒன்றுதான். ஆனா, எழுத்தறியாத ஒரு பெண் கடவுளோட நேரடியாகப் பேசிவிட்டால் நடுவில் நிற்பவர்களுக்கு என்ன அதிகாரம் மிஞ்சும்? எரித்தார்கள். 1920இல் அதே திருச்சபை அவளைப் புனிதர் என்று அறிவித்தது. எட்டு ஆண்டு கழித்து டிரையர், பீடத்தில் ஏற்றப்பட்டவளை மறுபடி விசாரணைக் கூடத்துக்கே அழைத்துவருகிறார்.

இரண்டாவது, பசோலினியின் ‘மத்தேயு நற்செய்தி’ (1964). பசோலினி மார்க்சியர், நாத்திகர். ஒரு குறும்படத்துக்காக, அரசு மதத்தை அவமதித்தார் என்று 1963இல் தண்டிக்கப்பட்டவர். அடுத்த ஆண்டே இந்தப் படத்தை எடுத்து, மறைந்த போப் இருபத்துமூன்றாம் ஜானின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். தெற்கு இத்தாலியின் வறண்ட மாத்தேராவில் படப்பிடிப்பு. ஏசுவாக ஒரு ஸ்பானிய மாணவர். முதிய மரியாவாகப் பசோலினியின் தாய். ஏசு வேகமாக நடந்துகொண்டே, கோபத்தோட பேசுகிறார். அற்புதங்கள் கேலியில்லாமல் காட்டப்படுகின்றன. நம்பாதவர் ஒருவர் நம்பும் ஏழைகளின் கண் வழியே பார்க்கத் துணிகிறார். இது நமக்கான சவால். மக்களுக்காகப் பேசுகிறோம் என்கிற நாம், அவர்கள் எதன் முன்னால் அழுகிறார்கள் என்று எப்போதாவது நின்று பார்த்திருக்கிறோமா?

அதற்காக மக்களின் நம்பிக்கையைப் புனிதமாக்கிவிடவும் முடியாது. சத்யஜித் ரேயின் ‘தேவி’ (1960) மூன்றாவதாக வருவது அதனால்தான். களம், பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளம். மருமகள் தயாமயி காளியின் அவதாரம் என்று மாமனார் கனவு காண்கிறார். அவள் காலில் விழுகிறார். நோயுற்ற ஒரு குழந்தை பிழைத்ததும் ஊரே திரள்கிறது. பிறகு, அவள் உயிராய் நேசித்த, கணவனின் அண்ணன் மகன் அவள் மடியை நம்பி வைத்தியமின்றிச் சாகிறான். மாமனார் கொடுமைக்காரர் இல்லை, பாசக்காரர். அதுதான் பயங்கரம். தயாமயியிடம் யாருமே கேட்கவில்லை. பூமாலையும் விலங்குதான்.

கடவுள் உண்டா இல்லையா என்ற நம் பழைய விவாதத்தை இந்தப் படங்கள் நகர்த்திவைத்துவிட்டு வேறொன்றைக் கேட்கின்றன: நம்பிக்கை யார் கையில் இருக்கிறது, யார் உடல்மீது இறங்குகிறது? மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டால்தான் இந்தக் கேள்வி முழுசாக எழும் என்று தோழரிடம் சொன்னேன்.

சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு. தன்னைக் கட்ட வந்தவன் தவறவிட்ட கயிற்றை ஜோன் குனிந்து எடுத்து அவனிடமே கொடுப்பாள். நான் நம்பிக்கையற்றவன். இருந்தும் அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் அழுதுவிடுகிறேன். என் கோட்பாட்டுக்குள்ள அந்த அழுகையை எங்கே வைப்பதென்று இன்னும் பிடிபடவில்லை.