விலாவா? பக்கமா?

ஆதாமின் விலா எலும்பைப் பிடுங்கி ஏவாளைச் செய்தார் கடவுள் என்பது ஏதேன் தோட்டத்துக் கதை. அதனால் ஆணுக்கு ஓர் எலும்பு குறைவு என்று நம்பியோர் பலர். 1543இலேயே வெசாலியஸ் தம் உடற்கூற்று நூலில் அதனை மறுத்தார். நம் ஒட்டன்சத்திரத்தில் 1955 முதல் நடந்துவரும் கிறித்தவ மருத்துவமனைக்குச் சென்று கேளுங்கள். இருபாலார்க்கும் விலா எலும்பு 24 என்றே இயம்புவர். எலும்பு குறையவில்லை, தோழர்களே! அதைக் காட்டிப் பெண்ணைக் குறைத்த பேச்சுத்தான் ஓயவில்லை.

அந்தச் சொல்லையே ஆராய்வோம். எபிரேய மூலத்தில் நிற்பது 'ட்சேலா'. யாத்திராகமம் 25ஆம் அதிகாரத்தில் அது உடன்படிக்கைப் பெட்டியின் பக்கம். முதலாம் இராஜாக்கள் 6இல் ஆலயத்தின் பக்க அறை. இரண்டாம் சாமுவேல் 16இல் மலைச்சாரல். பெட்டிக்கும் மலைக்கும் பக்கமாக இருந்த சொல், ஆதாமிடம் வந்ததும் எலும்பானதேன்? பழைய யூத உரையாசிரியர் சாமுவேல் பார் நாமன் 'பக்கம்' என்றே கொண்டார். முதல் மனிதன் இருமுக உருவாயிருந்து இரண்டாகப் பிளக்கப்பட்டான் என்றார். எடுத்த இடத்தைச் சதையால் அடைத்ததாகக் கதை தொடர்வதால், விலா என்போரிடமும் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் இருபொருள் தரும் சொல்லில், 1871இல் வந்த தமிழ் ஒன்றிய மொழிபெயர்ப்பு எலும்பைத்தான் பொறுக்கியது.

'துணை' என்பதற்கு மூலச்சொல் 'ஏசெர்'. கடவுள் மனிதனுக்குச் செய்யும் உதவியைச் சொல்லும் 121ஆம் சங்கீதத்திலும் அதே சொல்தான். துணை செய்பவள் தாழ்ந்தவளெனில், கடவுள் யாருக்கு ஏவலாள்?

இவ்வளவும் சொல்லி, "மூலம் சமத்துவமே பேசுகிறது" என்று மகிழும் சீர்திருத்தக் கிறித்தவ நண்பர்களோடு நாம் உடன்படவில்லை. மூன்றாம் அதிகாரத்தில் கணவன் உன்னை ஆள்வான் என்ற தீர்ப்பு கிடக்கிறதே, அதை எந்த இலக்கணம் கொண்டு கழுவுவது? பக்கம் என்றே வைத்துக்கொள்வோம். மாதொருபாகனைப் பாடிப் பரவிய இந்நாட்டில் மகளுக்குப் பாதிச் சொத்து கிடைத்ததா? பிறப்பால் வரும் குடும்பச் சொத்தில் மகனோடு சமபங்கு, தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் வந்தது.

ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வண்டிகள் போய்ச் சேரும் கேரளத்தையும் பாருங்கள். 1916ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் கிறித்தவர் வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாது மாண்ட தந்தையின் சொத்தில் மகளுக்கு மகன் பங்கில் கால், அல்லது 5000 ரூபாய். எது குறைவோ அது! அதை எதிர்த்து மேரி ராய் எபிரேய அகராதியைப் புரட்டவில்லை, உச்சநீதிமன்றப் படியேறினார். 1986இல் தீர்ப்பு வந்தது: அச்சட்டம் 1951லேயே செத்துவிட்டது, மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு.