கறுப்பும் வெளிச்சமும் போதும்

ஓவியம் கற்க ஆசைப்படும் யாரைப் பார்த்தாலும் நான் சொல்வது இதுதான்: வண்ணப் பெட்டி அப்புறம் வாங்கலாம், முதலில் பாலக்காட்டுக்கு ரயில் ஏறுங்கள்! ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவே, ஷொர்ணூர் பக்கத்துப் பகவதி கோயில்களில் ஒரு ராத்திரி கண்விழித்துத் தோல்பாவைக்கூத்து பாருங்கள். கோடு, வடிவம், வெற்றிடம், ஒளி என்று பாடப்புத்தகம் பிரித்துப் பிரித்துச் சொல்வதெல்லாம் அங்கே ஒரே திரையில் நடமாடுகிறது.

மேலே வெள்ளைத் துணி, கீழே கறுப்புத் துணி. திரைக்குப் பின்னால், 42 அடி நீளக் கூத்துமாடத்தில், தேங்காய் மூடியில் எண்ணெய் ஊற்றித் திரியிட்ட 21 விளக்குகள் வரிசையாக எரிகின்றன. என்ன வெளிச்சம் அது! சுடர் நடுங்க நடுங்க, அசையாமல் நிற்கும் பாவைகூட மூச்சு விடுகிறது. பாவையைத் துணியோடு ஒட்டிப் பிடித்தால் நிழலின் விளிம்பு கூர்மையாக விழும். விளக்குப் பக்கம் இழுத்தால் உருவம் பெருத்து மங்கிவிடும். அண்மையும் தொலைவும் எனக்குக் கண்ணால் புரிந்தது அங்கேதான்.

துளைகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. தோலை மயிர் போகச் சுரண்டி, வெயிலில் விறைப்பாகக் காயவைத்து, உருவம் வரைந்து, உளியால் கொத்துகிறார்கள். புள்ளி புள்ளியாகச் சில, அரிசிமணி போலச் சில. தோல் போன இடத்தில் வெளிச்சம் நுழைகிறது. ராமன் கிரீடத்தின் மணிகளெல்லாம் இப்படி எடுத்துப்போட்ட தோலால் ஆனவை. எதை விடுவது என்று தெரிந்தவனே ஓவியன் என்பதற்கு இதைவிட அழகான சாட்சியை நான் பார்த்ததில்லை.

முகங்கள் பெரும்பாலும் பக்கவாட்டில்தான். நெற்றி, மூக்கு, உதடு, தாடை என்று ஓடும் அந்த ஒற்றைக் கோட்டிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது. ஒரே பாத்திரத்துக்கு உட்கார, நிற்க, நடக்க, சண்டையிட எனத் தனித்தனிப் பாவைகள் வேறு. உடல் நிற்கும் விதமே கதை சொல்கிறது.

இத்தனைக்கும் மேல், பாடுவது கம்பராமாயணம்! கேரளத்துக் கோயில் முற்றத்தில், நள்ளிரவில், தமிழ் விருத்தம். தாரிகன் என்ற அசுரனோடு போரிடப் போனதால் ராவண வதத்தைப் பார்க்கத் தவறிய பகவதிக்காக, அதாவது பத்ரகாளிக்காகவே இந்தக் கூத்து என்பது ஐதீகம். அதனால் எதிரே ஆளே இல்லாவிட்டாலும் பாவையாட்டும் புலவர்கள் பாடிக்கொண்டே இருப்பார்கள். இந்தக் கலையைக் கோயிலுக்கு வெளியேயும் கொண்டுபோன கூனத்தறை கிருஷ்ணன்குட்டிப் புலவரின் மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

பார்த்துவிட்டு வந்ததும் ஒன்று செய்யுங்கள். கறுப்பு அட்டையில் ஒரு பக்கவாட்டு முகத்தை வெட்டுங்கள். கண்ணுக்கும் காதணிக்கும் மட்டும் துளையிட்டு விளக்கொளியில் சுவரருகே பிடியுங்கள். வீட்டில் வரையும் பிள்ளைகள் இருந்தால், இந்தக் கூத்துக் காலத்தில் தவறாமல் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.