கொட்டுக்காரர் நிற்கும் இடம்

ஒயிலாட்டம் பார்க்கப் போகிறவர்கள் ஆடுகிறவர்களைத்தான் பார்ப்பார்கள். அது நியாயந்தான். பதினைந்து இருபது பேர் வரிசையாக நின்று, காலில் சலங்கையும் கையில் கைக்குட்டையுமாக, ஒருவர் காலெடுக்கும்போதே அத்தனை பேரும் காலெடுத்தால் கண் வேறு எங்கே போகும்? கம்பம் பள்ளத்தாக்கில் இதை நான் எத்தனையோ திருவிழாக்களில் பார்த்திருக்கிறேன். வாத்தியார் அடவு சுத்தமாகச் சொல்லிக்கொடுத்தாரா, பாட்டு எடுப்பாக இருந்ததா என்றெல்லாம் மறுநாள் டீக்கடையில் தர்க்கம் நடக்கும். கொட்டுக்காரர் எங்கே நின்றார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஓரத்தில் நின்றார். எப்போதும் ஓரத்தில்தான் நிற்பார். அவர் அடித்தால்தான் வரிசையே அசையும். ஆனால் வரிசைக்குள் அவருக்கு இடம் கிடையாது.

இந்தக் கேள்வியை என்னுள் கிளப்பிவிட்டது திண்டுக்கல்லில் இருக்கும் சக்தி கலைக்குழு. சந்திரா என்ற கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி 1990களில் உருவாக்கிய குழு அது. தலித் கிராமங்களிலிருந்து, பெரும்பாலும் படிப்பு பாதியில் நின்றுபோன இளம்பெண்களைக் கொண்டுவந்து தங்கவைத்து, பறை, ஒயில், கும்மி, கோலாட்டம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். தையல் மாதிரிக் கைத்தொழிலும் உண்டு. ஆட்டத்தை அமைப்பவர் சந்திரா. சமூக சேவை என்று ஒரு சொல்லைப் போட்டு இந்த மாதிரி முயற்சிகளை நாம் மூட்டை கட்டிவிடுகிறோம். அதைப் பாராட்டுவார்கள், நிதி தருவார்கள், விமரிசனம் மட்டும் செய்யமாட்டார்கள். ஆட்டம் என்று ஒன்றை ஆடிக் காட்டுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய அவமரியாதை இல்லை. ஆகவே, ஆட்டமாகவே பார்க்கலாம்.

அதற்கு முன்னால் ஒரு பேச்சைத் தீர்த்துவிட வேண்டும். நம்முடைய கிராமிய ஆட்டங்கள் ஆதியிலிருந்தே எல்லாரையும் சேர்த்துக்கொண்டவை, மேடையும் டிக்கெட்டும் வந்துதான் ஆடுகிறவர் வேறு, பார்க்கிறவர் வேறு என்று ஆயிற்று என்று கலைவிழாக்களில் பேசுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இதற்குச் சாட்சியாகக் குன்றக்குரவையையே இழுப்பார்கள். சிலப்பதிகாரத்துக் குறவர் கண்ணகியைக் கண்டது எங்கள் மலையில்தான் என்று எங்களுக்குப் பெருமை. கூடலூருக்கு மேலே மங்கலதேவிக் கோவிலுக்குச் சித்ரா பௌர்ணமியன்று கூட்டம் கூட்டமாக ஏறுகிறோம். குரவை என்றால் கைகோத்து வட்டமாக ஆடுவது. சரி, யார் கையை யார் கோத்தார்கள்? தொடலாமா கூடாதா என்று நூற்றாண்டுக் கணக்காகக் கணக்குப் பார்த்த ஊரில், கைகோத்து ஆடும் வட்டம் ஒரு தெருவுக்குள்ளேதான் சுற்றமுடியும். கைகோக்காத கும்மிக்கும் இதே கதிதான். முளைப்பாரி எடுக்கும் நாளில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு கும்மி. ராஜகம்பளத்தாரின் தேவராட்டம் நெடுங்காலம் அந்தச் சமூகத்து ஆண்களோடு நின்றது. பள்ளிக்கூடங்களுக்கும் கல்லூரிகளுக்கும் வந்தது பிற்பாடுதான். ஒயிலிலும் பெண்கள் காலெடுத்து வைத்தது சமீப காலத்தில். வட்டம் என்பது சேர்த்துக்கொள்ளும் வடிவந்தான். வேலியும் வட்டமாகத்தான் இருக்கிறது.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். தேனிச் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்து மந்தையில் நான் பார்த்தது. சாயங்கால வேளை. முதலில் வைக்கோலைக் கொளுத்திப் பறைகளைக் காய்ச்சினார்கள். வேப்பமரத் துண்டுகளைச் சேர்த்து வளையமாக்கி, அதன்மேல் தோலை இழுத்து ஒட்டியதுதான் பறை. ஈரக்காற்றுப் பட்டால் தோல் தொய்ந்து சத்தம் அமுங்கிவிடும். தீயில் காட்டினால் விறைத்துக் கணீரென்று பேசும். வழக்கமாக இது திரைமறைவு வேலை. இங்கே அந்தப் பெண்கள் மந்தை நடுவில், எல்லாரும் பார்க்கக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்தார்கள். கச்சேரிக்கு முன்னால் சுருதி சேர்ப்பதைப் போல அவ்வளவு பொறுமை.

பறை இடது தோளில் வாரிட்டுத் தொங்குகிறது. இடது கையில் நீளமான மெல்லிய குச்சி, வலது கையில் குட்டையான தடித்த குச்சி. இரண்டு கைக்கும் வேலை இருக்கிறது. இதுதான் நான் சொல்லவந்ததில் முக்கியமான விஷயம். நம் நாட்டியத்தின் பெரும் பகுதி கையில் இருக்கிறது. பரதத்தில் முத்திரை, ஒயிலில் கைக்குட்டை, கும்மியில் கொட்டு, குரவையில் கோத்த கை. பறையாட்டக்காரிக்கு ஆடுவதற்குக் கை மிச்சமில்லை. காலும் இடுப்பும் முகமும்தான் பாக்கி. சந்திராவின் அமைப்பு இந்தக் குறையிலிருந்து பிறக்கிறது. கை சொல்லாததைக் குதி சொல்கிறது. பெண்கள் எம்பிக் குதிக்கிறார்கள். அடி விழுவதும் பாதம் தரையில் விழுவதும் ஒரே கணத்தில் நடக்கின்றன. எங்கள் பக்கத்துப் பெண்களின் ஆட்டத்தில் நான் குதித்துப் பார்த்ததில்லை. கும்மியில் குனிவார்கள், சுற்றுவார்கள், நிமிர்வார்கள். தரையை விட்டுக் கிளம்புவதில்லை. தோளில் பாரத்தோடு ஒரு பெண் தரையை விட்டு எழும்புவது சின்ன விஷயமாகத் தோன்றலாம். மந்தையில் உட்கார்ந்திருந்த கிழவிகள் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருத்தி வாயில் கையை வைத்தாள்.

கை ஒழியாததால் கைகோக்கவும் வழியில்லை. ஆனாலும் வட்டம் உடையவில்லை. கோத்த கை செய்யவேண்டிய காரியத்தை இங்கே சத்தம் செய்கிறது. பக்கத்தில் இருப்பவளைத் தொடாமலே அவள் எப்போது திரும்புவாள் என்று இவளுக்குத் தெரிகிறது. இரண்டு வரிசையாகப் பிரிகிறார்கள், எதிரெதிராக நெருங்குகிறார்கள், மறுபடி வட்டமாகிறார்கள். கொட்டுக்காரரும் ஆட்டக்காரரும் ஒரே ஆள். ஓரத்தில் நின்று அடிப்பதற்கு என்று தனியாக யாரும் இல்லை. சந்திரா வேறு எதுவும் செய்யாமல் ஓரத்தை நடுவுக்குக் கொண்டுவந்ததோடு நிறுத்தியிருந்தாலும் அவரை நல்ல நடன அமைப்பாளர் என்று சொல்லியிருப்பேன்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அது கலாரசிகர்களிடமிருந்து வந்ததல்ல. கம்பம் பக்கம் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர். இந்த ஆட்டத்தைப் பற்றி அவரிடம் உற்சாகமாகச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்:

“எங்கப்பன் எழவுக்கு அடிச்சான் சார். கூலி இன்னதுன்னு கேக்க முடியாது, குடுக்கிறதை வாங்கிக்கிடணும். எழவு சொல்லப் போறதும் நாங்கதான். ஒருநா தப்பைக் கொண்டுபோய் ஆத்துல விட்டுட்டேன். ஊரு என்னைப் படுத்துன பாடு எனக்குத்தான் தெரியும். இப்ப பொம்பளைப் புள்ளைக எடுத்து ஆடுதுக. ஆடட்டும். ஆனா அந்தச் சத்தம் கேட்டா இன்னமும் வயித்தைப் பெசையுது.”

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவர் ஆற்றில் விட்டது வெறும் தோலையும் மரத்தையும் அல்ல. பறையடிக்கமாட்டோம் என்று மறுத்ததற்காகத் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் அடிபட்டிருக்கிறார்கள். அப்படி மறுத்த ஒரு தலைமுறைக்குப் பிறகு, அதே பறையைக் கலை என்று கையிலெடுத்தது இன்னொரு தலைமுறை. மதுரையில் இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் 1990களில் நடத்திய கலைவிழாக்களும், அங்கே ஆசிரியராக இருந்து 2005இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு கிராமிய இசையில் செய்த வேலைகளும் இந்தத் திருப்பத்துக்கு உதவின. இரண்டு தலைமுறையும் ஒரே காரியத்தைத்தான் செய்தன என்று மேடையில் சமாதானம் சொல்லிவிடலாம். பெரியவரின் வயிறு அந்தச் சமாதானத்தை ஏற்காது. மறுக்க முடிகிறவர் அடிக்கும் அடிக்கும் மறுக்க முடியாதவர் அடிக்கும் அடிக்கும் வித்தியாசம் உண்டு என்று நான் நம்புகிறேன். ஆனால் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அந்த வித்தியாசத்தைக் கண்ணுக்குக் காட்டும் பொறுப்பு ஆட்டத்தின் தலையில் விழுகிறது. அதனால்தான் அந்தக் குதி எனக்கு அத்தனை பெரிதாகப் படுகிறது. இழவு வீட்டு வாசலில் அடிக்கிறவரை யாரும் நிமிர்ந்து நின்று எதிரே பார்க்கச் சொன்னதில்லை. இந்தப் பெண்கள் பார்க்கிறவர்களின் முகத்தைப் பார்த்து அடிக்கிறார்கள்.

சேர்த்துக்கொள்ளும் ஆட்டம் என்ற பேச்சில் அஸ்தாத் தேபுவின் ஞாபகமும் வருகிறது. கதக்கும் கதகளியும் கற்று, மேல்நாட்டு நவீன நடனத்திலும் பயின்ற பார்சிக் கலைஞர், 2020இல் காலமானார். சென்னையில் காது கேளாதோருக்கான கிளார்க் பள்ளியின் பெண்களோடு நெடுநாள் உழைத்தார். 2005இல் பன்னிரண்டு பேரை மெல்போர்னுக்கு அழைத்துப்போய்க் காது கேளாதோர் ஒலிம்பிக்ஸில் ஆடவைத்தார். காது கேளாதவரை ஆட்டத்தில் சேர்ப்பது என்றால், கேட்கிறவர்களின் ஆட்டத்துக்குள் ஒரு மூலையில் நிறுத்திக் கைதட்டுவது என்றுதான் நம்மவர்களுக்குப் புரிகிறது. ஆளை மூலையில் வைக்காமல் இருக்க வேண்டுமானால் ஆட்டத்தின் விதியை மாற்ற வேண்டும். காதின் வேலையைக் கண்ணுக்குக் கொடுக்க வேண்டும். சந்திராவும் தேபுவும் ஒருவர் வழியை ஒருவர் பார்த்து நடந்தவர்களாக எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும், இருவரும் ஆளைத் திருத்தாமல் ஆட்டத்தைத் திருத்தினார்கள்.

குறைகளையும் சொல்லவேண்டும். நான் பார்த்த ஆட்டத்தில் பேச்சு அதிகம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் ஒரு விளக்கம், பின்னால் ஒரு விளக்கம். பறை சொன்னதை மைக் திருப்பிச் சொன்னது. அடிகளிலும் ஒழுங்கு கொஞ்சம் கூடிப்போயிருந்தது. பழைய கொட்டுக்காரர்களில் கெட்டிக்காரர், மற்றவர்கள் ஓர் அடியைப் பிடித்து நிறுத்த, தான் மட்டும் விலகிப்போய் விளையாடிவிட்டுச் சரியான இடத்தில் வந்து சேருவார். அந்தத் திமிர் இங்கே எந்தப் பெண்ணுக்கும் கொடுக்கப்படவில்லை. எல்லாரும் சமம் என்று காட்டவேண்டிய கட்டாயம் காரணமாக இருக்கலாம். ஒருத்தி தனியாகப் பிரிந்து போயிருந்தால் சமத்துவத்துக்கு ஒன்றும் கேடு வந்திருக்காது. ஆட்டத்துக்கு உயிர் கூடியிருக்கும். அரசாங்க விழா மாதிரி பத்து நிமிஷ மேடைகளுக்கு இந்த ஒழுங்கு வசதியானது. மந்தைக்கு அது போதாது.

கடைசியில் கும்மி கொட்டினார்கள். பார்க்கிறவர்களும் வரலாம் என்று அழைத்தார்கள். காலனித் தெருப் பெண்கள் முதலில் வெட்கப்பட்டு, பிறகு பத்துப் பன்னிரண்டு பேர் புகுந்தார்கள். வட்டம் பெரிதாயிற்று. மேலத்தெருப் பெண்கள் கோவில் திண்ணையை ஒட்டி நின்று பார்த்தார்கள். ரசித்துத்தான் பார்த்தார்கள், ஒருத்தி கையால் தாளம்கூடப் போட்டாள். வட்டத்துக்குள் வரவில்லை. ஆறேழு வயசு இருக்கும் ஒரு குழந்தை மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்து இரண்டு சுற்றுச் சுற்றியது. பாட்டி வந்து தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கும்மி நிற்கவில்லை. அந்த இடைவெளியை இரண்டு பெண்கள் நெருங்கி வந்து மூடினார்கள். இந்த ஒரு நிமிஷத்தை எந்த மேடையிலும் அமைத்துக் காட்டமுடியாது. மந்தையில் ஆடுகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கிற வெற்றி அது, தோல்வியும் அதுவே.

அமெரிக்க இசையியல் பேராசிரியை ஜோ ஷெரினியன் இந்தக் குழுவைப் பற்றி ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ என்று ஓர் ஆவணப்படம் எடுத்திருக்கிறார். இவர்களைப் பற்றி அக்கறையாக வேலை செய்தவர் ஓக்லஹோமாவிலிருந்து வரவேண்டியிருந்தது. நம் நாட்டிய விமரிசகர்கள் டிசம்பர் மாசத்துச் சபாக்களை விட்டு நகர்ந்தால்தானே திண்டுக்கல் வருவார்கள்?

எனக்கு மிச்சமிருக்கிற சந்தேகம் வேறு. பயிற்சி முடிந்து ஒரு பெண் தன் கிராமத்துக்குத் திரும்புகிறாள். கலியாணம் ஆகிறது. சித்திரையில் வீரபாண்டித் திருவிழா வருகிறது. அக்கினிச்சட்டி எடுப்பவர்களுக்கு முன்னால் கொட்டு முழங்குகிறது. நான் பார்த்த வருஷங்களில் அடித்தவர்கள் எல்லாரும் ஆண்கள். எல்லாரும் ஓரத்தில் நடந்தார்கள். அந்தப் பெண் இடுப்பில் குழந்தையோடு கூட்டத்தில் எங்கேயோ நிற்பாள். அடி எங்கே பிசகுகிறது என்று அவள் காதுக்குத் தெரியும். அவளுடைய குச்சிகள் இரண்டும் வீட்டில் எறவாணத்தில் செருகியிருக்கும்.